நடவு நாதனின் காலி நாற்காலிகள்

தஞ்சாவூருக்குப் போகிறேன் என்றதும் மலேசியாவில், எங்கள் ஊர் கிள்ளானில் எல்லோரும் பெரிய கோயிலைப் பார்க்கத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. பல் மருத்துவமனையில் என்னோடு வரவேற்பு மேசையில் உட்காரும் மலாய்க்காரத் தோழி, "எனக்காகவும் வேண்டிக்கொள்" என்று சொல்லி அனுப்பினாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, மேடையில் மைக்கைப் பிடித்து ஜோக் சொல்லும் ஒரு பையனைப் பார்க்கக் கடல் தாண்டுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? என் மகளுக்கு மட்டும் தெரியும். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பையன் சாமிநாதனுக்கு மேடையில் நடவு நாதன் என்று பெயர். நீடாமங்கலத்தைத் தாண்டி, கீழத்தோப்பு என்ற சின்ன ஊர்க்காரன். என் வீட்டுக்காரர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் சோறு வடிப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் எதுவும் செய்யாமல் இருந்த நாட்கள். மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் இவன் சொல்கிறான்: "எங்கப்பாவுக்கு நான் எந்தக் கிளாஸ் படிக்கிறேன்னு தெரியாதுங்க. ஆனா மேட்டூர் அணையில தண்ணி எத்தனை அடின்னு தினமும் தெரியும். பத்தாவது பாஸ் பண்ணிட்டேம்ப்பான்னு ஓடிவந்து சொன்னேன். திரும்பிப் பார்த்து, 'எத்தனை அடி?'ன்னாரு."

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். அவளிடம் விளக்க முயன்று மறுபடியும் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு மறுபடி பசி எடுத்தது. அந்தக் கடன் எனக்கு அவனிடம் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'நடவுக்காரர்கள்' என்று பெயர். தோஹாவில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர், தஞ்சாவூரில் இளவரசி, இன்னும் பலர். அவனைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரி வந்தாலும் யாராவது படம்பிடித்துப் போட்டுவிடுவார்கள். முதலில் ரங்கோலிப் போட்டிச் செய்திக்குக் கீழே கட்டைவிரல் அளவில் வந்தான். பிறகு கால் பக்கம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படத்தோடு அரைப் பக்கப் பேட்டி. வயலில் நாற்று வளர்வதைப் பார்ப்பது போலத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம்தான் அந்த அடி விழுந்தது. தஞ்சாவூரில் அவனுடைய முதல் பெரிய நிகழ்ச்சி. முன் இரண்டு வரிசையைச் சொந்த ஊர்க்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். ஒருவர்கூட வரவில்லை. பெற்ற அப்பா வரவில்லை. மறுநாள் ஒரு பேப்பரில் காலி நாற்காலிகளின் படமும், அதற்கு மேலே 'மேடையில் சிரிப்பு, ஊரில் வெறுப்பு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும். அப்பாவைக் கிண்டலடித்தே பேர் வாங்கியவனை ஊரே ஒதுக்கிவிட்டதாம். மற்றவர்களும் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். அதற்கப்புறம் எந்த ஊரில் மேடை ஏறினாலும் அப்பா ஜோக் வரும்போது அவன் குரல் லேசாகத் தடுமாறியது. மற்றவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் மறுபடி தஞ்சாவூர். ஒரு பேட்டியில் சொல்லிவிட்டான்: 'இந்தத் தடவையும் நாற்காலி காலியாக இருந்தால் மேடையை விட்டுவிடுவேன். அப்பாவைச் சிரிக்க வைக்க முடியாதவனுக்கு மைக் எதற்கு?' அதைப் படித்த அன்றே நான் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'ஆன்மிகப் பயணம்' என்று போட்டேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் நாள் காலையில் ஹோட்டலில் உட்கார்ந்து, "தம்பி, பசியாற என்ன இருக்கு?" என்றேன். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் ஏதோ நாலு நாள் பட்டினி கிடந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். கூடவே கடப்பா என்று பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு குழம்பு. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புக் கறிக்கு அக்கா முறை ஆகும் போலிருந்தது. காப்பி வந்தது. சின்ன டம்ளர். எங்கள் ஊர்க் கடையில் இதைப் போல மூன்று பங்கு பெரிய குவளையில் கொடுப்பார்கள், இதில் பாதி ருசிகூட இருக்காது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

இளவரசி ஸ்கூட்டரில் வந்தாள். உரக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். நிகழ்ச்சி டிக்கெட் விற்கிற பொறுப்பும் அவளிடம்தான் இருந்தது. வருடக்கணக்காகப் போனில் பேசியவளை முதல்முறை நேரில் பார்க்கிறேன். கட்டிக்கொண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, டிக்கெட் எல்லாம் போயிடுச்சு. முன்வரிசையை மறுபடி ஊருக்குன்னே வச்சிருக்காரு, அதான் பயமா இருக்கு."

"நேரே கீழத்தோப்புக்குப் போய்க் கேட்டுட்டா என்ன?" என்றேன்.

"கேட்டு அடிச்சாங்கன்னா?"

"அடிச்சா ரெண்டு பேருக்கும் பங்கு."

மறுநாள் கிளம்பினோம். ஐப்பசி மாதம். ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் பச்சை கட்டி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ஊரில் கேட் மூடினால் ரயில் வரும், போகும், திறப்பார்கள். இங்கே ரயில் வந்தது, நின்றது, திசை மாற்ற எஞ்சினைக் கழற்றினார்கள், அது தனியாக அந்தக் கோடிக்குப் போய்விட்டு மறுபடி இந்தக் கோடிக்கு வந்தது. பக்கத்து லாரி டிரைவர் இறங்கி வேர்க்கடலை வாங்கினார். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, பேசிவிட்டு, நிதானமாக வந்து ஏறினார். "இங்க பொண்ணு பார்த்து நிச்சயமே பண்ணிடலாம்க்கா" என்றாள் இளவரசி.

கீழத்தோப்பு என்பது ஒரே ஒரு தெரு, ஒரு குளம், ஒரு டீக்கடை. டீக்கடை நடத்துகிறவர் பாக்கியம் என்ற அம்மாள். நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நடவுக்காரர்கள்னு எழுதுறது நீங்கதானா? எங்க ஊரைக் காட்டுமிராண்டிக் கூட்டம்னு போட்டீங்களே, அதுவும் நீங்கதானே?"

அதை எழுதியது டொராண்டோக்காரர். பேப்பர்க்காரன் நெட்டில் போட்ட செய்திக்கு அடியில், குழுவின் பேரிலேயே ஆத்திரத்தில் எழுதியிருந்தார். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். பாக்கியம் அம்மாள் கரண்டியோடு எதிரே நிற்கும்போது நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் முறைத்துக்கொண்டே இரண்டு டீ போட்டு வைத்தார்.

டீ நன்றாக இருந்தது. தைரியம் வந்தது. கேட்டேன்: "அப்படி அவர் மேல என்னம்மா கோபம்? அப்பாவைக் கிண்டல் பண்றதா?"

"கோவிந்தராசு அண்ணனையா? அவரை நாங்களே தினம் பண்றோம். அந்தப் பையன் அதுல பாதிகூடச் சொல்லலை."

"அப்புறம் ஏன் போகலை?"

பாக்கியம் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு கூப்பிட்டா?"

"எல்லாருக்கும் இலவசப் பாஸ் அனுப்பினாரே!" என்றாள் இளவரசி. "போன்ல லிங்க் வந்திருக்குமே?"

"வந்துச்சு. லோன் தர்றோம்னுகூடத்தான் தினம் லிங்க் வருது. வீட்டு வாசப்படி மிதிச்சு, ஒரு தட்டை நீட்டி, அவசியம் வந்துடணும்னு ஒரு வார்த்தை சொன்னானா? கூப்பிடாத வீட்டுக்கு எப்படிம்மா போறது? நீங்க போவீங்களா?"

எனக்குச் சுரீர் என்றது. நான் போகமாட்டேன். கிள்ளானில் என் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் இருக்கும் தாமானில், அந்தக் குடியிருப்பு முழுக்க, வீடு வீடாகத் தட்டோடு போனோம். ஒரு வீட்டில் ஆள் இல்லை, போனில் சொல்லிவிட்டேன். அவர்கள் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றியதில்லை. ஆனால் ஒரு காமெடி நிகழ்ச்சிக்கு வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வருடமாகப் பேப்பரைக் கத்தரித்து, வெறுப்பு, புறக்கணிப்பு என்று உலகம் முழுக்க உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கிறோம்.

"சரி, அவங்கப்பாவுக்கு என்ன? அவர் போயிருக்கலாமே?"

"ஊரைக் கூப்பிடாத விசேஷத்துக்கு அவர் மட்டும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போவாராக்கும்? நாளைக்கு எங்க மூஞ்சில முழிக்க வேணாமா?"

அவ்வளவுதான் விஷயம். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று இளவரசிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் அவன் தங்கியிருந்த லாட்ஜில் நாதனைப் பார்த்தோம். மேடைக்குக் கீழே அவன் ரொம்ப அடக்கமான ஆள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். இளவரசி எல்லாவற்றையும் சொன்னாள்.

"லிங்க்ல பேர் போட்டுத்தான் அனுப்பினேங்க," என்றான். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா."

"தம்பி, உங்க கல்யாணத்துக்கு லிங்க் அனுப்புவீங்களா?" என்றேன்.

"ஐயோ, கொன்னுடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "இது விசேஷம்னு எனக்கே தோணலைம்மா. கிறுக்குத்தனமா ஏதோ பண்றேன், அதை வந்து பாருங்கன்னு எப்படித் தட்டு வைக்கிறதுன்னு கூச்சம்" என்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் 'ஆன்மிகப் பயணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்தானே.

அப்போதே அச்சகத்துக்கு ஓடினோம். கடைக்காரர் கல்யாணம், காதுகுத்து, புதுமனை, பூப்பு என்று மாதிரிகளை எடுத்துப் போட்டார். "மாப்பிள்ளை பேரு சொல்லுங்க." மாப்பிள்ளை இல்லை, மைக்தான் என்றோம். அவர் அசரவில்லை. மேலே பிள்ளையார் படம், நடுவில் 'எங்கள் இல்லத்து நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து', கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தட்டிக்கொண்டே, "யார் பேர் போடறது?" என்று கேட்டார். நாதன் ஒரு நிமிடம் யோசித்தான். "எங்கப்பா பேர்" என்றான்.

மறுநாள் காலை புது எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமம். பத்திரிகை ஓரங்களில் இளவரசி மஞ்சள் தடவினாள். நாங்கள் கோவிந்தராசு வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்துவிட்டும் நிமிரவில்லை. நாதன் தட்டை நீட்டினான்.

"அப்பா, அவசியம் வந்துடணும்."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை மட்டும் எடுத்தார். தள்ளிப் பிடித்து வாசித்தார். கீழே தன் பேரைப் பார்த்ததும் அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு எதுக்குடா பத்திரிகை?" என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "பேர் என்னுது. அப்ப நாந்தானே ஊரைக் கூப்பிடணும்? இரு, சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றேன்."

சட்டை போட்டு, தோளில் துண்டும் போட்டு, தட்டை அவரே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் மகன், அவனுக்குப் பின்னால் நாங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு.

"பையன் தஞ்சாவூர்ல பேசறான். வந்துடணும்."

"என்ன பேசுது?"

"என்னைப் பத்தித்தான்."

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்ததை நான் பார்த்தேன். போன ஒவ்வொரு வீட்டிலும் காப்பி, இல்லையென்றால் மோர், இல்லையென்றால் கலர் பாட்டில். மறுத்தால் அழைப்பை ஏற்கமாட்டார்கள் என்று இளவரசி காதைக் கடித்தாள். தெருக்கோடிக்கு வரும்போது என் வயிறு குடமாகிவிட்டது. கடைசியாகப் பாக்கியம் அம்மாள் கடை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கினார். "இப்ப சரி" என்றார்.

நிகழ்ச்சி நாளன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசை இரண்டும் காலி. ஊரார் கிளம்பிவிட்டதாக இளவரசிக்குப் போன் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன். அவள் முகம் வெளுத்தது.

"கேட்டு போட்டுட்டாங்கக்கா."

அந்தப் பாழாய்ப்போன கேட்! எஞ்சின் எந்தக் கோடியில் இருக்கிறதோ. கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது. நாதன் திரைக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தான். "அவங்க வராம ஏற மாட்டேன்" என்றான். அதற்குள் பத்திரிகை நிருபர் ஒருவர் காமிராவோடு முன்னால் வந்து காலி நாற்காலிகளுக்கு நேரே மண்டியிட்டார். அந்தப் படம் மறுபடி ஒரு தடவை வந்தால் அவன் தாங்கமாட்டான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் திருவையாற்றில் வாங்கிய அசோகா, அந்தப் பாசிப்பருப்பு அல்வா, இருந்தது. நேரே போய்க் காமிராவுக்கு முன்னால் நின்று, "தம்பி, இதைக் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றேன்.

"அம்மா, கொஞ்சம் நகருங்க."

"வாழையிலையில சுத்தினது. சூடு ஆறிடும்." அது காலையிலேயே ஆறிப்போயிருந்தது. அவர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். அசோகாவைத் தொட்ட விரலில் நெய் ஒட்டும். நெய் விரலோடு யாரும் காமிராவைத் தொடமாட்டார்கள். அவர் கர்ச்சீப்பைத் தேடினார், நான் இன்னொரு துண்டை நீட்டினேன்.

வாசலில் ஹாரன் கேட்டது. ஒரு பள்ளிக்கூட வேனும், நெல்மூட்டை ஏற்றுகிற சின்னச் சரக்கு வண்டி இரண்டும். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இறங்கினார்கள். கல்யாணத்துக்கு வருவது போலத்தான் உடுத்தியிருந்தார்கள். முன்னால் கோவிந்தராசு, மழையில் நனைந்த வெள்ளைச் சட்டையோடு, வாசலில் நின்று தன் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்து உட்கார்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாதன் மேடை ஏறினான். மேட்டூர் ஜோக்கைச் சொன்னான். பத்தாவது பாஸ், எத்தனை அடி. பின்வரிசைகள் அதிர்ந்தன. முன்வரிசை இரண்டிலும் ஒரு சத்தமும் இல்லை. அவன் குரல் தடுமாறியது. நான் இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாக்கியம் அம்மாள் எழுந்து நின்றார். "டேய் சாமிநாதா, அது பத்தாவது இல்லடா! பன்னெண்டாவது! நான் அங்கதானே நின்னேன். பத்தாவதுக்கு உங்கப்பா 'மதகைத் தொறந்துட்டாங்களா?'ன்னுதான் கேட்டாரு!"

கூரை பிய்த்துக்கொண்டது. நாதனே மைக்கை வயிற்றில் அணைத்துக் குனிந்து சிரித்தான். நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். கோவிந்தராசு துண்டை வாயில் பொத்தியிருந்தார், தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் அவன் எழுதி வைத்திருந்தது பாதி, ஊர் எடுத்துக்கொடுத்தது பாதி. அவன் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எனக்கு இறங்கியது. நடவுக்காரர்கள் குழுவில் நிறைந்த முன்வரிசையின் படத்தைப் போட்டேன். டொராண்டோவிலிருந்து பதில் வந்தது: 'அந்த ஊரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.' முன்பே கேட்டாகிவிட்டது என்று எழுதினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அதே நிருபர், விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கோவிந்தராசுவிடம் வந்தார். "ஐயா, மகன் உங்களை இவ்வளவு கிண்டல் பண்றாரே. நிகழ்ச்சி எப்படி இருந்துச்சு?"

நாதன் பக்கத்தில்தான் நின்றான். மேடையில் இருந்ததைவிட இப்போதுதான் அதிகமாகப் பயந்திருந்தான். கோவிந்தராசு தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"நூத்திப் பத்தொம்பது அடி" என்றார்.

மேட்டூரில் நூற்றிருபது அடி வந்தால் அணை நிறைந்ததென்று அர்த்தம். அதை அவன் ஜோக்குகளைக் கேட்டுக் கேட்டே நான் கற்றிருந்தேன். நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கிள்ளானிலிருந்து வந்திருக்கிறேன், எப்படி விடுவது?

"ஐயா, அந்த ஒரு அடி எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னம்மா கேக்குறீங்க? பத்திரிகை வச்சு ஊரைக் கூப்பிட்டுட்டு, இலை போடாம அனுப்பறானே!" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டே, நிருபர், இளவரசி, நான், மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டார். "நாளைக்கு மத்தியானம் எல்லாரும் வீட்டுக்கு வந்துடணும். சாப்பாடு முடிஞ்சாத்தான் நூத்தி இருபது."